இஸ்ரவேல் சாரின் முகம்

சன்னல் பக்கம் நீங்களே இருங்க அண்ணாச்சி. எனக்கு எந்தப் பக்கமா இருந்தாலும் ஒண்ணுதான். அந்தப் பெட்டியை மட்டும் கொஞ்சம் அங்கிட்டுத் திருப்பி வச்சுக்கிடுங்க. இல்ல இல்ல, இடிக்கல. மூடி கண்ணாடி மாதிரி இருக்குல்லா, உள்ள இருக்க கேக் தெரியுது. அதைப் பாத்துக்கிட்டே நாகர்கோவில் வரைக்கும் என்னால வர முடியாது.

பேத்திக்குப் பிறந்தநாளா? நல்லா இருக்கட்டும். உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. கடைக்காரன் குடுத்தான், வாங்கிட்டு வந்தீங்க. ஆனா அந்த ரோஜாவைப் பாருங்க. உலகத்துல எந்த ரோஜாவாவது அப்படிச் சிவக்குமா? குங்குமத்தைக் கொட்டி வச்ச மாதிரி. பக்கத்துல ரெண்டு இலை, கிளி ரெக்கையைப் பிச்சுப் போட்ட மாதிரி. நிழல் எங்க? வெளிச்சம் எந்தப் பக்கத்துலேருந்து வருது? ஒண்ணும் கெடையாது.

கோவமாப் பேசுதேன்னு நெனைக்காதீங்க. கோவம்தான். ஆனா உங்க மேல இல்ல.

நான் டிராயிங் மாஸ்டர். அருமைநாயகம்னு பேரு, பாளையங்கோட்டை. போன வருசம்தான் ரிட்டயர்டு ஆனேன். ஸ்கூல்ல டிராயிங் பீரியடுக்கு என்ன மரியாதைன்னு உங்களுக்கே தெரியும். பாடம் முடிக்காத வாத்தியாரெல்லாம் வந்து நம்ம பீரியடைப் பிடுங்கிக்கிடுவாரு. மீதி இருக்கதுல நான் கரும்பலகையில செம்பருத்தி வரைவேன். கலர் சாக்பீஸ், நம்ம கைக்காசு. மணி அடிச்சதும் அடுத்த வாத்தியார் வந்து டஸ்டரால ஒரே இழுப்பு. இப்படியே ஒரு ஆயுசு போச்சு அண்ணாச்சி. என் படத்தை ஒருத்தன் நின்னு பாத்ததில்ல.

நான் சும்மா பாஸ் பண்ணிட்டு வந்த ஆளு இல்ல. மெட்ராஸ்ல ஆர்ட்ஸ் காலேஜ்ல படிச்சவன். தணிகாசலம் மாஸ்டர்னு ஒருத்தர். அவரு கையில அடி வாங்காதவன் ஓவியனே இல்ல. "டேய், நிழல் கருப்பு இல்லடா, கருப்பை டப்பாவுலயே வை"ம்பாரு. "கண்ணைச் சுருக்கிப் பாரு, வேண்டாததெல்லாம் தானா ஓடிரும்"ம்பாரு. "காகிதம் பூரா வரையாத, மூச்சு விட எடம் குடு"ம்பாரு. இதெல்லாம் எனக்கு ரத்தத்துல ஊறிக் கெடந்துச்சு. எங்க கொண்டு போய்க் காட்ட? எட்டாம் கிளாஸ் பயலுககிட்டயா?

என் வீட்டுக்காரி கேக் போடுவா. லில்லிபுஷ்பம்னு பேரு. கல்யாணம் ஆகி வந்த நாள்லேருந்தே போடுதா. கிறிஸ்துமஸ் வந்தா எங்க தெருவே எங்க வாசல்லதான் நிக்கும். 'லில்லி கேக்ஸ்'னு ஒரு சின்ன போர்டு தொங்கும். நான் அதுல தலையிட்டதே கெடையாது. மாவு, முட்டை, அதுல நமக்கு என்ன இருக்கு?

போன மழைக்குத் துவைக்கிற கல்லுகிட்ட வழுக்கி விழுந்துட்டா. மணிக்கட்டு பிசகி, மாவுக்கட்டு. அந்த நேரம் பாத்து எங்க சபைப் பாஸ்டருக்கு மாறுதல். வழியனுப்பு விழாவுக்கு இவ கேக் தாறேன்னு சொல்லி வச்சிருக்கா. ஒத்தைக் கையால எப்படியோ கேக்கைச் சுட்டு எடுத்துட்டா. மேல கிரீம் போடணும். "என்னங்க, நான் சொல்லுதேன், நீங்க அந்தக் கிரீம் பிழியிற கோனை மட்டும் பிடிங்க. சுத்தி வர ஒரு வளையம், நடுவுல 'கர்த்தர் உங்களோடிருப்பாராக'ன்னு எழுத்து. போதும்"னா.

நான் கோனைப் பிடிச்சேன். சட்டுன்னு கீழ வச்சுட்டேன். "ஏட்டி, எனக்குக் கத்தி குடு"ன்னேன்.

ஏன்னா அப்பத்தான் அண்ணாச்சி எனக்குத் தெரிஞ்சுது. கிரீம்னு நாம சொல்லுதோமே, அது எண்ணெய்ச் சாயம்! அதே வழுவழுப்பு. கத்தியால இழுத்தா அதே மாதிரி விளிம்புல ஒரு வரப்பு நிக்குது. வெளிச்சம் அந்த வரப்புல வந்து உக்காருது. இத்தனை வருசமா என் வீட்டுக் குளிர்பெட்டிக்குள்ள எண்ணெய்ச் சாயம் இருந்திருக்கு, நான் வெளியில தேடி அலைஞ்சிருக்கேன். மஞ்சளை எடுத்தேன், நீலத்துல ஒரு பொட்டு, கொஞ்சம் கோகோ தூள். காலை நேரத்துச் சாம்பல் வந்துருச்சு. கருப்பைத் தொடல. எங்க கோயில் கோபுரம், பின்னால பனை, அதுக்கும் பின்னால பனிமூட்டம். வானத்துக்கு எதுவுமே போடல. வெறும் வெள்ளைக் கிரீமை அப்படியே விட்டுட்டேன். மூச்சு விட எடம்.

விழாவுல சனம் எல்லாம் சுத்தி வந்து நின்னுச்சு அண்ணாச்சி. நின்னு பாத்தாவ. பாஸ்டர் வெட்டவே மாட்டேன்னுட்டாரு. "மாஸ்டர், இதை எப்படி வெட்டுவேன்"னு கேட்டாரு. நான் அன்னைக்கு வீட்டுக்கு நடந்து வரல. மெதந்து வந்தேன்.

அதுக்கப்புறம் விட்டுருவேனா? போர்டை எறக்கினேன். பழைய போர்டு எழுத்து சரியில்ல, 'லில்லி'ங்கிறது வரிசையா கம்பி நட்ட மாதிரி இருக்கும், பார்வைக்கு எடஞ்சல். 'அருமை ஓவியக் கேக்'னு நானே எழுதி மாட்டினேன். அவ வந்து நிமிந்து பாத்தா. "நல்லாருக்கு"ன்னா. போயிட்டா. அவ்வளவுதான் அவளுக்கு ரசனை. எந்த எழுத்து எப்படி வளைஞ்சிருக்குன்னு ஒரு வார்த்தை இல்ல.

எங்க ஊரு வெயில்ல கிரீம் நிக்காது. படுக்கை ரூம்ல ஏசி இருந்துச்சு. கட்டிலை எடுத்து ஹால்ல போட்டுட்டு, அந்த ரூமைக் கேக் வரையிற ரூமா ஆக்கினேன். ஹால்ல கொசு. மாவுக்கட்டுக் கையோட அவ புரண்டு புரண்டு படுத்தா. நான் சொன்னேன், "ஏட்டி, கலைன்னா கொஞ்சம் கஷ்டம் இருக்கும்." போர்வையை இழுத்துத் தலை வரைக்கும் மூடிக்கிட்டா. அவ எப்பவும் அப்படித்தான், மனசுல இருக்கதைச் சொல்ல மாட்டா.

வெண்ணெய் கிரீம் இளகிக்கிட்டே இருந்துச்சு. வனஸ்பதி போட்டா நிக்கும்னு கண்டுபிடிச்சேன். அதுக்கு வாயைத் தொறந்தா. "வனஸ்பதி வாய் மேல்தட்டுல ஒட்டும்ங்க. பிள்ளைய திங்கிறதுல்லா"ன்னா. "திங்கிறதுக்கா நான் வரையிறேன்? பாக்கட்டும்"னேன். "பாத்துட்டு?"ன்னு கேட்டா. என்ன கேள்வி அது? பாத்துட்டு என்ன, பாத்தாச்சுன்னா முடிஞ்சுதுல்லா!

சொன்னா நம்ப மாட்டீங்க, சனங்களுக்கு ரசனைன்னா என்னன்னே தெரியாது. ஒரு வீட்டுல சின்னப்பயலுக்குப் பிறந்தநாள். சிவப்புக் கார் வேணும்னு கேட்டான். நான் என்ன பொம்மைக்காரனா? ஒரு சாயங்கால நேரம், ரோட்டுத் திருப்பம், அதுல கார் திரும்புது. முன்பக்கம் மட்டும் வெளிச்சத்துல. பின்பக்கம் புளியமரத்து நிழல்ல கரைஞ்சு போவுது. நிழலுக்குள்ள ஊதா வச்சேன் பாருங்க, தணிகாசலம் மாஸ்டர் பாத்திருந்தா அடிச்ச கையால தட்டிக் குடுத்திருப்பாரு. அந்தப் பய பாத்துட்டு, "மீதிக் கார் எங்க?"ன்னு அழுதான். அழுகைன்னா அழுகை, ஊரைக் கூட்டிட்டான். லில்லி என்ன செஞ்சா தெரியுமா? என் கண்ணு முன்னாலயே கலர் மிட்டாயை எடுத்து நிழலுக்கு மேல சக்கரம் மாதிரி ஒட்டி வச்சா. பய சிரிச்சுட்டான். எல்லாரும் கை தட்டுதாவ. என் ஊதா நிழல் மேல பச்சை மிட்டாய்! அன்னைக்கே நான் சொல்லிட்டேன், "இனிமே என் படத்து மேல உன் கை படக் கூடாது"ன்னு. தலையை ஆட்டினா. ஆட்டினாளா இல்லையா?

நாங்குநேரி வந்துருச்சா? சரி, இன்னும் தூரம் இருக்கு. கேளுங்க, இனிமேதான் விசயமே.

எங்க ஸ்கூல்ல இஸ்ரவேல்னு ஒரு கணக்கு வாத்தியார். எனக்கு அடுத்த வீடு. எனக்குன்னு ஒரு சிநேகிதன் உண்டுன்னா அவன்தான். எல்லா வாத்தியாரும் என் படத்தை அழிப்பாவன்னு சொன்னேன்லா? அவன் மட்டும் அழிக்க மாட்டான். செம்பருத்தியை அப்படியே விட்டுட்டு, அதைச் சுத்தி இருக்கிற எடத்துல நுணுக்கி நுணுக்கிக் கணக்குப் போடுவான். பயலுக எழுத்து தெரியலன்னு கத்துவானுக. "மாஸ்டர் பூவுல கை வைக்கச் சொல்லுதியளா?"ன்னு திருப்பிக் கேப்பான். அப்படிப்பட்ட மனுசன். ஒரு நாள் பிரேயர்ல நின்னவன் அப்படியே சரிஞ்சுட்டான். ரெண்டு வருசம் ஆகப்போவுது.

அவன் பொண்ணு பியூலாவுக்குப் போன மாசம் கல்யாணம். அவன் வீட்டுக்காரி வயலட் டீச்சர் வந்து கேக் சொன்னாவ. பொண்ணும் கூட வந்துச்சு. "மாமா, எனக்குச் சிவப்பு ரோஜா போட்டுத் தாங்க. அத்தை போடுவாங்கள்லா, அது மாதிரி"ன்னு கேட்டுச்சு. நான் சரின்னு தலையாட்டினேன். மனசுக்குள்ள வேற முடிவு பண்ணிட்டேன்.

அப்பன் இல்லாத கல்யாணம் அண்ணாச்சி. அந்தப் பிள்ளை கையைப் பிடிச்சுக் கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போக ஆளு இல்ல. சித்தப்பன்தான் போகணும். அப்படி இருக்கையில ரோஜாவா? நான் இஸ்ரவேலுக்கு என்ன செஞ்சிருக்கேன்? அவன் முகத்தை வரையணும்னு முடிவு பண்ணிட்டேன். கேக் மேல. ஆளளவு முகம். மூடியைத் தொறந்ததும் அப்பன் சிரிச்சுக்கிட்டு நிக்கணும்.

போட்டோ கேட்டா விசயம் வெளிய தெரிஞ்சுரும். எனக்கு எதுக்குப் போட்டோ? தெனம் பாத்த முகம். கண்ணை மூடுனா வந்து நிப்பான். கல்யாணத்துக்கு மொத நாள் காலையில உக்காந்தவன் சாயந்தரம்தான் எழுந்திரிச்சேன். சோறு திங்கல. நெத்தியில மேடு, கன்னத்துல பள்ளம், எல்லாம் கோகோவும் மஞ்சளும்தான். மெல்லிசா மொதல்ல, தடிப்பா கடைசியில. கண்ணுக்குள்ள ஒரு சொட்டு வெள்ளை வச்சேன். வச்சதும் உயிர் வந்துருச்சு. என் ஆயுசுல நான் வரைஞ்சதுல அதுதான் உசத்தி. காகிதத்துலயும் இல்ல, துணியிலயும் இல்ல, கேக்ல! அங்கனயே செல்போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சேன்.

லில்லியைக் கூப்பிட்டேன். வந்து பாத்தா. பாத்துக்கிட்டே நின்னா. கண்ணு கலங்கிச்சு. சரி, படம் ஆளைப் பிடிச்சுருச்சுன்னு நெனச்சேன். அவ கேக்குதா, "இதை யாருங்க வெட்டுவா?"

"பொண்ணு மாப்பிள்ளைதான். பெறவு யாரு?"

"பியூலாவா?"

"ஆமா."

"அந்தப் பிள்ளை அவ அப்பன் முகத்துல கத்தி வைக்கணுமா?"

நான் சொன்னேன், "ஏட்டி, முகத்துல ஏன் வைக்கணும்? ஓரமா வெட்டட்டும். காது வரைக்கும் வெட்டலாம். மீதியை வயலட் டீச்சர் வீட்டுக்குக் கொண்டு போய் வச்சுக்கிடட்டும்." அவ என் கையைப் பிடிச்சா. மாவுக்கட்டு பிரிச்ச கை, அதுல இன்னும் வலு இல்ல. "வேண்டாங்க. சொன்னாக் கேளுங்க. இதை நம்ம வீட்டுலயே வச்சுக்கிடுவோம். நான் வேற கேக் போட்டுத் தாறேன். விடியிறதுக்குள்ள போட்டுருவேன்"னா. நான் கையை உதறிட்டேன். "உனக்கு மாவு பிசையத்தான் தெரியும், அதோட நில்லு"ன்னேன். உண்மையைத்தானே சொன்னேன்? அதுல என்ன தப்பு?

மறுநாள் காலையில நான் முடி வெட்டப் போனேன். கல்யாணம்லா. திரும்பி வந்து பாத்தா, பெட்டி கட்டி வேன்ல ஏத்தியாச்சு. "தொறக்காதீங்க, கிரீம் இளகிரும்"னா. எனக்கு ஒரு சந்தேகமும் வரல. எப்படி வரும்? கட்டுன பொண்டாட்டி.

கோயில்ல ஆராதனை முடிஞ்சு மண்டபத்துக்கு வந்தாச்சு. சரியான கூட்டம். கேக்கை மேடையில கொண்டு வச்சாவ. நான் போட்டோக்காரன்கிட்ட முன்னாடியே சொல்லி வச்சிருந்தேன், மூடியை எடுக்கையில பொண்ணு முகத்தைப் பிடிப்பான்னு. பாஸ்டர் ஜெபம் முடிச்சதும் நான் மேடையில ஏறி மைக்கை வாங்கினேன். எனக்கு மைக்ல பேசிப் பழக்கம் இல்ல. "பியூலாவுக்கு அவ அப்பாவே நேர்ல வந்து ஆசீர்வாதம் பண்ணுதாரு"ன்னு சொல்லிட்டு, மூடியைத் தூக்கினேன்.

ரோஜா அண்ணாச்சி!

சிவப்பு ரோஜா. சுத்தி வர, நடுவுல, மேல, கீழ. இஸ்ரவேலைக் காணோம். மூச்சு விட எடமில்லாம ரோஜா!

கையில மைக் இருக்கதே மறந்து போச்சு. "இது என் கேக் இல்ல!"ன்னு கத்தினேன். மண்டபம் பூரா அது எதிரொலிச்சுது. "இதுக்குக் கீழ இஸ்ரவேல் முகம் இருந்துச்சு! உங்க அப்பா முகம்மா! ஒரு நாள் பூரா உக்காந்து வரைஞ்சேன். இவ சொரண்டி எடுத்துட்டா! கத்தியால சொரண்டி எடுத்துட்டா!"ன்னு லில்லியைக் கை நீட்டிக் காமிச்சேன். சொல்லணுமா வேண்டாமா? யாராவது சொல்லணும்லா? பெறவு எப்படித் தெரியும் அந்தச் சனத்துக்கு, என்ன நடந்துச்சுன்னு?

பியூலா கையில கத்தி இருந்துச்சு, ரிப்பன் கட்டுன கத்தி. அதைக் கேக் மேல வைக்கப் போன பிள்ளை அப்படியே நின்னுச்சு. கேக்கையே பாத்துச்சு. அந்த ரோஜாவுக்குக் கீழ எதையோ தேடுத மாதிரி. பெறவு கத்தியைக் கீழ போட்டுட்டு ஓன்னு அழுதுச்சு. பவுடரெல்லாம் கரைஞ்சு, மாப்பிள்ளைப் பையன் என்ன செய்யன்னு தெரியாம முழிக்கான். வயலட் டீச்சர் நாற்காலியில உக்காந்துட்டாவ, முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு. அழாம என்ன செய்யும்? அப்படி ஒரு படத்தைப் பாக்கக் குடுத்து வைக்கலியேன்னு அந்தப் பிள்ளைக்கு ஏக்கம். எனக்குப் புரியுதுல்லா.

லில்லி மேடைக்கு வந்தா. என் கையிலேருந்து மைக்கை வாங்கி அணைச்சா. நேரா பியூலாகிட்ட போயி அதோட முகத்தைத் தன் சேலையால தொடச்சா. "முகமும் இல்ல ஒண்ணும் இல்லம்மா. அத்தை விடியக்காலையில புதுசாச் சுட்ட கேக்மா இது. நீ கேட்ட ரோஜாதான். உங்க அப்பாவுக்குப் பிடிக்குமே, கிஸ்மிஸ் பழம் நெறைய போட்டிருக்கேன்"னா. குனிஞ்சு கத்தியை எடுத்து, துணியில தொடச்சு, அந்தப் பிள்ளை கை மேல தன் கையை வச்சு, மாப்பிள்ளை கையையும் பிடிச்சு வச்சு, வெட்ட வச்சா. சனம் கை தட்டுச்சு. எதுக்குத் தட்டுச்சுன்னு கேக்குதேன்! எந்த நியாயத்துக்கு?

பெறவு கீழ எறங்கி என்கிட்ட வந்தா. அவ சத்தமா பேசுத ஆளே இல்ல. அன்னைக்கும் மெதுவாத்தான் சொன்னா. "அந்தப் பிள்ளை அப்பன் முகத்துல கத்தி வச்சிரக் கூடாதுன்னுதான் நான் சொரண்டினேன். நீங்க வச்சுட்டீங்களே."

என்ன பேச்சு பாத்தீங்களா? நான் அந்தக் கத்தியைத் தொடவே இல்ல அண்ணாச்சி. கைல மைக்குதான் இருந்துச்சு. மண்டபத்துல அத்தனை பேரும் சாட்சி. நான் எங்க கத்தி வச்சேன்?

கல்யாணத்துக்கு வந்திருந்த அவ அக்காவோட அப்படியே பஸ் ஏறி நாகர்கோவில் போயிட்டா. கட்டின பட்டுச் சேலையோட. ஒரு மாத்துத் துணி எடுக்கல. ஒரு மாசம் ஆகப் போவுது. ஒரு போன் கெடையாது. நான் பண்ணுவேனா? தப்பு செஞ்சது அவ. என் படத்தை அழிச்சது அவ. டஸ்டர் வச்சு அழிச்ச வாத்தியார்களைக் கூட மன்னிச்சுருவேன். அவங்களுக்குப் படம்னா என்னன்னு தெரியாது. இவ பாத்து, கண்ணு கலங்கி, பெறவு அழிச்சிருக்கா.

வீட்டு வாசலுக்கு ஆளு வருது. "லில்லி அக்கா இல்லையா?"ன்னு கேட்டுட்டுத் திரும்பிப் போயிருதாவ. நான் நிக்கேன்லா வாசல்ல? போர்டுல என் பேருதானே இருக்கு? ஒருத்தரும் உள்ள வரல. சரி, நமக்கு வேண்டியது ஒரு கேக்தானே, நாமளே சுட்டுருவோம்னு ஓவனைப் போட்டேன். நடுவுல குழி விழுந்து, ஓரம் கரிஞ்சு, ஓட்டுத் துண்டு மாதிரி வந்துச்சு. அதுல எப்படி வரைய? மறுநாளும் போட்டேன். அதே குழி. அந்த ஓவன்ல ஏதோ கோளாறு. அவ இருக்கும்போதே மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பாத்திருக்கணும், பாக்கல.

இதெல்லாம் கூடப் பரவாயில்ல அண்ணாச்சி. தாங்கிக்கிட்டேன். நேத்துத்தான் வயலட் டீச்சர் நம்ம வீட்டுக்கு வந்தாவ. அன்னைக்குக் கேக் வச்ச பலகையைக் கழுவித் துடைச்சுக் கொண்டாந்திருந்தாவ. வாசல்லயே குடுத்துட்டுப் போகப் பாத்தாவ. நான் விடல. "டீச்சர், ஒரு நிமிசம் உக்காருங்க. அன்னைக்கு நீங்க எதை இழந்தீங்கன்னு உங்களுக்குத் தெரியணும்"னு சொல்லி, செல்போன்ல அந்தப் போட்டோவை எடுத்துக் குடுத்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கிட்டாவ. பாத்தாவ. விரலால பெருசாக்கிப் பாத்தாவ. நான் கைக்குட்டையைக் கூட எடுத்து வச்சுட்டேன், அழுவாவன்னு.

சிரிச்சாவ.

ஆமா அண்ணாச்சி, சிரிச்சாவ. துக்கத்துக்கு அப்புறம் அவிய சிரிச்சு நான் பாத்ததே இல்ல. வாயைப் பொத்திக்கிட்டு, தோளு குலுங்கக் குலுங்கச் சிரிக்காவ. "மாஸ்டர், இது எங்க வீட்டுக்காரரு இல்ல"ன்னாவ. "இது நீங்கல்லா!"

"என்ன சொல்லுதீங்க டீச்சர்?"னேன்.

"அவருக்கு இப்படி நெத்தி கெடையாது. இந்தக் காது உங்க காது. இந்த மொறைப்பும் உங்க மொறைப்பு. மீசையை மட்டும் அவரு மீசையா வச்சிருக்கீங்க. இதையா எம்பொண்ணு வெட்டியிருப்பா?"ன்னு திரும்பவும் சிரிச்சாவ. கண்ணுல தண்ணி வர வரச் சிரிச்சுட்டு, "பாவம் லில்லி அக்கா"ன்னு சொல்லிட்டு எழுந்திரிச்சுப் போயிட்டாவ. என்னை ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும்.

துக்கத்துல இருக்காவ, அதான் அப்படி. அவியளுக்குக் கண்ணாடி மாத்தணும். எனக்கு என் முகம் தெரியாதா? தெனம் சவரம் பண்ணுதேன்லா? நேத்து ராத்திரி பூரா கண்ணாடி முன்னால போட்டோவை வச்சுக்கிட்டு நின்னேன். கண்ணைச் சுருக்கிப் பாத்தேன். விரிச்சுப் பாத்தேன். இஸ்ரவேல்தான். சத்தியமா இஸ்ரவேல்தான். ஆனா பாக்கப் பாக்க, அவன் நெத்தி எப்படி இருந்துச்சுன்னே எனக்கு மறந்து போச்சு அண்ணாச்சி. கண்ணை மூடுனா இந்தக் கேக்தான் வருது. அவன் வர மாட்டேங்கான்.

இந்தாங்க, நீங்க பாருங்க. நீங்க இஸ்ரவேலைப் பாத்ததில்ல, அதனாலதான் உங்ககிட்ட கேக்குதேன், நீங்க நடுநிலையாச் சொல்லுவீங்க. போனை என் முகத்துக்குப் பக்கத்துல பிடிச்சுக்கிடுதேன். காதைப் பாருங்க. என் காதா இது? மொறைப்பா இது? இது சிரிப்பு. சிரிக்கான். வெளிச்சம் பத்தலன்னா சன்னல் திரையைத் தூக்குங்க.

என்ன அண்ணாச்சி, வெளிய பாக்கீங்க?

சரி, விடுங்க. வடசேரி பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. பெட்டி பத்திரம், சாய்க்காதீங்க. நான் எறங்கி ஆட்டோ பிடிக்கணும். என்னமோ சமாதானம் பேசப் போறேன்னு நெனைச்சிருப்பீங்க. அதுக்கெல்லாம் போகல. அவ அக்கா காப்பி குடுத்தாலும் குடிக்க மாட்டேன். வாசல்லயே நின்னு ஒண்ணே ஒண்ணுதான் கேக்கப் போறேன்.

லில்லி என்னோட இத்தனை வருசம் இருந்தவ. இஸ்ரவேல் எங்க வீட்டுல உக்காந்து காப்பி குடிக்காத நாள் கெடையாது. ரெண்டு முகமும் அவளுக்குத் தெரியும். அன்னைக்குச் சாயந்தரம் அந்தப் படத்தை அவ்வளவு நேரம் நின்னு பாத்தா. கண்ணு கலங்கினா. மறுநாள் காலையில கத்தியை எடுத்தா. அவ சொல்லட்டும் அண்ணாச்சி. கோவத்துல இல்ல, நெசமாவே எனக்குத் தெரியணும்.

அவ யார் முகத்தைச் சொரண்டினா?